நிலநூற் பெரியார் இராபர்ட் புரூஸ் பூட்

சேலத்திற்கு மேற்கே, தறியோசை ஓயாத இளம்பிள்ளை என்னும் ஊரிற் பிறந்து வளர்ந்தோர்க்குக் கஞ்சமலை அண்டை வீட்டாரைப் போல்வது. அமாவாசைதோறும் சித்தர் கோயிலுக்குச் செல்லும் கூட்டத்தைக் கண்டும், ஆடு மேய்ப்பாருடன் அடிவாரத்தில் அலைந்தும் வளர்ந்த எமக்கு அதன் பாறைகள் இளமையிலேயே பழக்கமானவை. அவை கரியன, கைக்கு மிகக் கனப்பன, துருவேறிச் சிவந்த வரிகளை உடையன. முன்னொரு காலத்தில் நெருப்பைக் கக்கிப் பின் ஓய்ந்த எரிமலையே இஃது என்று எம்மூர்ச் சிறுவர்கள் தம்முட் பேசிக்கொள்வதுண்டு. யானும் அதனை ஐயமின்றி நம்பியிருந்தேன்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பர் எழுவருடன் அம்மலையடியில் இரு கூடாரங்கள் அடித்து மூன்று நாள் தங்கினோம். எரிமலையொன்றை ஆராய்வதாகவே எங்கள் எண்ணம். காந்த இரும்புப் படுகைகள் ஓடும் இடங்களில் எங்கள் திசைகாட்டியின் முள் வடக்கை மறந்து மனம்போனவாறு திரும்பிற்று. அது எங்கள் ஊக்கத்தை மேலும் வளர்த்தது. இரண்டாம் நாள் மாலையில் ஒரு புன்செய் வரப்பில், நுரைத்து உறைந்தாற்போன்ற துளைகளுடன், முறிந்த பக்கத்தில் கண்ணாடியைப்போல் மின்னும் கரிய கட்டியொன்று கிடைத்தது. எரிகுழம்பே இஃதென்று முடிவு செய்து, அன்றிரவு சோறு அடிப்பற்றியதையும் பொருட்படுத்தாமல் மகிழ்ந்திருந்தோம். கல்லூரிக்குத் திரும்பியதும் நிலநூல் கற்பிக்கும் ஆசிரியரிடம் அதனைக் காட்டினோம். அவர் புன்முறுவலுடன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இம்மலையின் இரும்புக் கல்லைக் கரியுடன் உலையிலிட்டு ஊதிய பழைய மக்கள் கழித்தெறிந்த கிட்டம் அதுவென விளக்கினார். எங்கள் எரிமலை அன்றே அவிந்தது. எங்கள் வாட்டத்தைக் கண்டு இரங்கினார் போலும். நூல்நிலையத்தினின்று பழைய ஏடொன்றை வருவித்துக் கொடுத்தார். 1864-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு ஆகிய மாவட்டப் பகுதிகளின் நில அமைப்பைக் கூறுவது. வில்லியம் கிங், இராபர்ட் புரூஸ் பூட் என்னும் இருவர் இயற்றியது. இவ்விருவருள் பின்னவரின் வரலாற்றைத் தேடிப் படிக்கும் ஆவல் அன்று எனக்கு எழுந்தது. அங்ஙனம் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

பூட் துரை 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள செல்ட்டன்ஹாம் என்னும் ஊரிற் பிறந்தார். 1858-ஆம் ஆண்டின் இறுதியில், தம் இருபத்து நான்காம் வயதில், இந்திய நிலநூல் ஆய்வுத்துறையில் உத்தியோகம் பெற்றார். அத்துறை 1851-இல் தாமஸ் ஓல்டாம் என்பவரின் தலைமையிற் கல்கத்தாவிலே தோன்றியது. நிலக்கரி எங்குளது, இரும்பு எங்குளது என்று அறிதல் அதனை ஏற்படுத்திய அரசாங்கத்தாரின் முதல் நோக்கமாகும். புதிதாய் வந்த பூட் துரை சென்னை மாகாணப் பகுதிக்கு அனுப்பப்பெற்றார். அன்று தொடங்கி முப்பத்து மூன்றாண்டுகள் அத்துறையிலே அவர் பணிபுரிந்தார். அவ்வாழ்வின் பெரும்பகுதி தென்னாட்டிற் கூடாரத்திலேயே கழிந்தது.

அக்கூடார வாழ்வு எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். மழை ஓய்ந்து குளிர் தொடங்குங்கால் நிலநூலார் ஊரைவிட்டுப் புறப்படுவர். கோடை முதிருமட்டும் திரும்பார். நாலு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி வரைந்த நாட்டுப்படமும், சுத்தியலும், திசைகாட்டியும், பாறைகளின் சாய்வை அளக்கும் கருவியுமே அவர்தம் படைக்கலங்கள். கூடாரமும் பாத்திரமும் கற்குவியலும் மாட்டுவண்டியில் முன்செல்லும். அவர் நடந்தோ குதிரைமீதோ ஓடைதோறும் கரடுதோறும் ஏறி இறங்கி, மாலையில் வண்டி நின்ற இடம் சேர்வார். இரவில் விளக்கடியில் அன்று கண்டவற்றைப் படத்தில் வண்ணமிட்டுக் குறிப்பர். மழைக்காலம் வந்ததும் தலைமையிடத்தில் அமர்ந்து நூல் எழுதுவர். இப்படியே ஆண்டுகள் பல சென்றன. வண்டியோட்டியவரும், கூடாரம் அடித்தவரும், கல் சுமந்தவரும், இன்ன ஓடையில் இன்ன கல் உண்டு என்று வழிகாட்டியவரும் நம்மவரே. அவருட் பலருடைய பெயரை இன்று அறிய வழியில்லை. துரைமகனார் சேர்த்த கல் ஒவ்வொன்றிற்கும் பட்டியலில் எண்ணும் இடமும் குறிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, இக்குறை என் நெஞ்சை உறுத்துகின்றது.

சேலம் நாட்டை அவரும் கிங்கும் அளந்த காலத்தில் இங்குள்ள இரும்பைப் பற்றிய பேச்சு ஓய்ந்திருக்கவில்லை. கும்பினி உத்தியோகத்திலிருந்து விலகிய ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் நிறுவிய இரும்பாலைக்குச் சேலத்துக் கல்லே உணவாயிற்று. அவ்வாலை நெடுங்காலம் தள்ளாடிப் பின் வீழ்ந்தது. கிங்கும் பூட்டும் இரும்புப் படுகைகளை மலைமலையாகப் பகுத்துக் கூறினர். அவற்றுட் கஞ்சமலைக்குச் சிறப்பிடம் தந்தனர். அம்மலையின் படுகைகள் இருபுறத்தினின்றும் உள்நோக்கிச் சாய்ந்து, தோணியின் உட்புறம்போல் வளைந்து கிடத்தலை அவர்கள் கண்டனர். மலையைச் சுற்றி நடந்தால் ஒரே படுகை மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதன் காரணம் இதுவே. எரிமலை வாயைத் தேடிச் சென்ற எங்களுக்கு இது தெரியாமற் போயிற்று.

ஆயினும் எம்மூர்ச் சிறுவர் கூறியதை முற்றும் பொய்யெனத் தள்ளுதலும் கூடாது. இரும்புப் படுகைகளுக்கு இடையே கிடக்கும் கரும்பாறைகளை இக்காலத்தார் வேதியியல் முறையாற் சோதித்து, அவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் உள்ளிருந்து உருகி எழுந்த குழம்பு உறைந்தவை என்றும், பின்னர் ஆழத்திற் புதைந்து வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை என்றும் கருதுகின்றனர். கூம்பும் வாயும் உடைய எரிமலை கஞ்சமலையன்று. ஆனால் நெருப்பிற் பிறந்த கல் அதன் உடம்பில் உண்டு. சேலத்திற்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டும் கரடுகளும் அவ்வாறே. வெண்மையைக் கண்டு சுண்ணாம்பென மயங்கி ஆங்கிலேயர் அவற்றிற்குச் சுண்ணக் குன்றுகள் என்று பெயரிட்டனர். உண்மையில் அது மாக்னசைட்டு. நிலத்தின் அடியாழத்தினின்று மேலெழுந்த கரும்பச்சைப் பாறையைக் கரியமிலவாயு கலந்த நீர் அரித்து மாற்றியதனால் அவ்வெள்ளை நரம்புகள் உண்டாயின.

சேலத்தில் தொடங்கிய இவர் புகழ் பல்லாவரத்தில் நிலைபெற்றது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், அங்குப் படைப்பயிற்சி நடைபெறும் திடலருகே பாதைக்குச் சரளை வெட்டிய ஒரு சிறு குழியிற் கிடந்த கல்லொன்றை அவர் கையிலெடுத்தார். செம்புரைச் சரளையினின்று வெளிப்பட்ட அக்கல் இருபுறமும் செதுக்கப்பட்டுக் கூர்மை பெற்றிருந்தது. நான்கே ஆண்டுகளுக்கு முன்னர்தான், பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றங்கரையிற் கிடைத்த இத்தகைய கற்கள் மிகப் பழைய மாந்தரின் கருவிகளே என்று பிரெஸ்ட்விச், எவான்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் நேரிற்கண்டு உறுதி கூறியிருந்தனர். அச்செய்தியைப் படித்திருந்தமையால், கோடையில் வெந்து கிடந்த குழியிலே பூட் துரையின் கண் அக்கல்லை அடையாளங் கண்டது. இந்தியாவிற் பழைய கற்காலம் உண்டென்பதற்கு முதற்சான்று அக்கல்லே.

அவர் உடனே முரசறைந்துவிடவில்லை. ஓடையில் உருண்டு மோதிய கல்லும் சில்லு பெயர்ந்து கருவிபோல் தோன்றக்கூடும் அன்றோ? அவ்வாண்டு செப்டம்பர் மாத இறுதியில், கிங்குடன் சென்று திருவள்ளூர்ப் பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்து ஓடையிலே தேடினார். அங்கே ஒன்று இரண்டல்ல, மிகப் பல கருவிகள் கிடைத்தன. அவற்றுட் சில, கிடந்த படுகையினின்றே எடுக்கப்பட்டன. பின்னரே, சென்னை இலக்கிய சங்கத்தாரின் 1866-ஆம் ஆண்டு வெளியீட்டில் தம் முடிபை விரிவாக எழுதினார். அத்திரம்பாக்கத்தின் பழைமையை அளக்கும் கருவி அவர் காலத்தில் இல்லை. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, அங்குள்ள அடிப்படுகைக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு பழைமையுடையன எனக் கண்டது. அவ்வோடையின் கரையில் நின்ற நாளில் தாம் எத்துணைத் தொலைவுக் காலத்தைத் தொடுகின்றோம் என்பதை அவர் அறிந்திரார்.

இனி, நெருப்பு நிலத்திற்கு வருவோம். தெற்கு மராட்டிய நாடு எனப்பட்ட பெல்காம், கலாட்கி, கோலாப்பூர்ப் பகுதிகளை அளக்கும் பணி இவர்க்கு வாய்த்தது. அதன் பயனாக எழுந்த பெருநூல் 1876-இல் வெளிவந்தது. அந்நாடு நம் நாட்டைப்போன்றதன்று. மலைகளின் தலை மேசைபோல் தட்டையாக இருக்கும். பக்கங்கள் படிப்படியாக இறங்கும். டிராப் என்று நிலநூலார் இதற்கு இட்ட பெயரே சுவீடன் நாட்டு மொழியிற் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லினின்று வந்தது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், நிலம் நெடுக வெடித்து, வெடிப்புகளின் வழியே எரிகுழம்பு பொங்கி, வெள்ளம்போல் பரந்து உறைந்தது. மீண்டும் பொங்கிற்று; மீண்டும் உறைந்தது. இவ்வாறு அடுக்கின்மேல் அடுக்காகப் பரவியது இன்று 5 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் நிலத்தை மூடி நிற்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் அதன் கனம் 2,000 மீட்டருக்கும் மேற்படும்.

எரிமலையென்றால் இத்தாலியிலுள்ள வெசூவியஸ்போல் உச்சியில் வாய்திறந்த கூம்பையே நாம் எண்ணுகின்றோம். அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு அவ்வகையினது. நம் நாட்டில் இன்றும் புகையும் எரிமலை அதுவே. மராட்டிய நாட்டிலோ கூம்பைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே நெருப்பின் வரலாற்றை அடுக்குகளின் விளிம்பிலே படித்தல் வேண்டும். ஓர் அடுக்கிற்கும் அடுத்ததற்கும் இடையே செம்மண் பட்டையொன்று காணப்பட்டால், முதற்குழம்பு ஆறி, வெயிலிலும் மழையிலும் மட்கி மண்ணாகும் அளவு காலம் சென்றது என்று பொருள். இடையே நன்னீர்ச் சிப்பிகள் கிடைத்தால், அவ்விடத்தில் ஏரியொன்று இருந்தது என்று பொருள். குழம்பில் அடைபட்ட காற்றுக் குமிழிகள் பின்னர்ப் படிகங்களால் நிரம்பி, பாறையில் வெள்ளை முத்துக்களைப்போல் இறைந்து கிடக்கும். அடியில் உறங்கும் பழம்பாறை எங்கே முடிகிறது, அதன்மேல் குழம்பு எங்கே தொடங்குகிறது என்னும் எல்லையைக் காலால் நடந்து நடந்து கோடிட்டவர் பூட் துரை. கஞ்சமலையில் மூன்றே நாளில் முடிவுகண்ட எங்களுக்கு, ஒரு கோட்டிற்காகப் பருவம் பருவமாக நடந்தவரின் பொறுமை வியப்பளித்தது.

அப்பயணத்தில் கட்டப்பிரபா ஆற்றுப் பக்கத்தில், கோகாக்கு அருகே, வண்டற்படுகையில் எலும்புகள் சில அவர்க்குக் கிடைத்தன. அவை காண்டாமிருகத்தினவாக இருந்தன. இன்று அவ்விலங்கு அவ்வட்டாரத்தில் இல்லை. அழிந்துபோன அவ்வினத்தைத் தக்காணத்துக் காண்டாமிருகம் என்று பொருள்படும் இலத்தீன் பெயரால் 1874-இல் அவர் உலகிற்கு அறிவித்தார். தீயில் உறைந்த நாட்டில் பின்னொரு நாள் ஈரமும் புல்லும் செழித்தன என்பதை அவ்வெலும்புகள் காட்டுகின்றன.

பெல்லாரி மாவட்டத்தில் நிகழ்ந்ததே இவர் வரலாற்றில் எனக்கு மிகவும் உவப்பானது. எங்கள் கிட்டக் கட்டியின் கதை அங்கே பெரிய அளவில் நடந்தேறியது. அம்மாவட்டத்தில் ஆங்காங்கே சாம்பல் மேடுகள் உண்டு. சில சிறு குன்றனையவை. வெட்டிப் பார்த்தால் வெண்சாம்பலும், நுரைத்து உருகி உறைந்த கிட்டம்போன்ற கட்டிகளும் காணப்படும். பீமனாற் கொல்லப்பட்ட இடும்பாசுரனை எரித்த இடம் என்று அந்நாட்டார் கூறுவர். காப்டன் நியூபோல்டு முதலானோர் பூட்டுக்கு முன்னரே அவற்றைப்பற்றி எழுதினர். எரிமலையின் செயலோ என்று ஐயுற்றாரும் உளர். உருகிய கட்டிகளைப் பார்ப்போர்க்கு அவ்வெண்ணம் எழுதல் இயல்பே.

எரிகுழம்பு நாட்டை நன்கு அறிந்து வந்த பூட் துரை அவ்வாறு மயங்கவில்லை. மேடுகள் நிற்பது பழம் பாறை நிலத்தில். குழம்பு எழுந்த வெடிப்பு எதுவும் அடியில் இல்லை. சாம்பலுக்குள்ளேயோ மட்கலத்து ஓடுகளும், மாட்டெலும்புகளும், தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடரிகளும் கிடந்தன. ஆகவே அது மாந்தர் மூட்டிய தீ. எரிந்த பொருள் யாது? மாட்டுச் சாணம் என்றார் அவர். தொழுவத்திற் பெருகிய சாணத்தைக் குவித்துக் கொளுத்தினால், புல்லிலுள்ள மணற்சத்து பெருவெப்பத்தில் உருகிக் கண்ணாடிக் கட்டியாகும். எளிய விடை, அதனாலேயே பலர்க்கு அது பிடிக்கவில்லை. அறிஞர் சிலர் வேறு காரணங்களை நாடினர். 1963-இல் ஆல்ச்சின் என்பார் தென்னிந்தியப் புதிய கற்கால ஆயர்களைப் பற்றி வெளியிட்ட நூலில், அகழ்ந்து கண்ட சான்றுகளால் பூட் கொண்ட கருத்தையே நிலைநாட்டினார். ஆனிரையைக் காட்டில் அடைத்து வாழ்ந்த மக்களின் தொழுவங்களே அம்மேடுகள். முல்லைநிலத்து ஆயர் வாழ்வைப் பாட்டிற் படிக்கும் தமிழ் மாணவர்க்கு, அவ்வாழ்வையொத்த ஒன்றன் சாம்பல் இன்றும் மலைபோற் கிடக்கின்றது என்பது மறக்கவொண்ணாத செய்தியாகும்.

பெல்லாரிக்கு அண்மையிலுள்ள குப்கல் மலையிலும் அவர் ஒன்று கண்டார். வெளிர்நிறக் கருங்கல் மலையைப் பிளந்து, கரும்பாறைச் சுவர் ஒன்று ஓடுகின்றது. நிலத்தினடியிலிருந்து உருகி ஏறி, பிளவில் உறைந்த குழம்பே அது. அதன் அருகெல்லாம் அரைகுறையாகச் செதுக்கிய கோடரிகளும், பெயர்த்த சில்லுகளும் குவிந்து கிடந்தன. கற்கால மக்களின் கோடரித் தொழிற்சாலை அவ்விடம். இயற்கையின் தீயில் விளைந்த கல்லை அவர்கள் தேர்ந்தெடுத்துத் தட்டித் தேய்த்து மரம் வெட்டினர். எது நிலத்தின் தீ, எது மாந்தன் கை என்று பிரித்துக் காணும் கண் இவர்க்கு வாய்த்திருந்தமையால், இரண்டும் கூடிய இடத்தையும் அவர் தவறவிடவில்லை.

தார்வார் என்னும் பெயரை ஒரு பாறைத் தொகுதிக்கு இட்டவரும் இவரே. மைசூர் நாட்டிலும் அதன் வடபுறத்திலும் கருமையும் பசுமையும் கலந்த பட்டைகளாக நெடுந்தூரம் ஓடும் அப்பாறைகள், சுற்றியுள்ள பாறையினின்று வேறானவை என்றும், தென்னாட்டுப் பொன் பெரும்பாலும் அவற்றிலேயே உறைகின்றது என்றும் அவர் காட்டினார். கோலார்ப் பொற்சுரங்கம் அத்தொகுதியைச் சார்ந்தது. 2001-இல் அது மூடப்பட்டது. அவ்வட்டாரக் கரும்பாறைகளும் மிகப் பழைய எரிகுழம்பே. சித்திரதுர்க்கத்தின் பக்கத்தில், கடலுக்கடியிற் பொங்கிய குழம்பு தலையணை தலையணையாக உறைந்து நிற்பதை இன்றும் காணலாம்.

இவர் கூறியன யாவும் நிலைபெற்றன என்று சொல்லுதல் உண்மையாகாது. பழைய கற்காலத்திற்கும் புதிய கற்காலத்திற்கும் இடையே தென்னாட்டில் மாந்தரே இல்லாத நீண்ட இடைவெளி இருந்தது என அவர் எண்ணினார். பின்வந்த ஆராய்ச்சி அவ்வெளியை நுண்கருவிகளால் நிரப்பிவிட்டது. வியப்பு யாதெனில், அத்தகைய சிறு கருவிகளை அவரே திரட்டி வைத்திருந்தார். கையிலிருந்த சான்றின் பொருளை முழுதும் உணராமற் போதல் பெரியோர்க்கும் நேர்வதே.

தமிழ் மாணவராகிய நமக்கு இவரிடம் வேறோர் உறவும் உண்டு. இவர் மணந்தது பெர்சிவல் ஐயரின் மகளை. பீட்டர் பெர்சிவல் ஐயர் யாழ்ப்பாணத்தில் மிஷன் பணியாற்றியவர். ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தவர். சென்னையில் 1855-இல் தினவர்த்தமானி என்னும் இதழை நடத்தத் தொடங்கியவர். தமிழ்ப் பழமொழிகள் 6,000-க்கு மேல் திரட்டி 1874-இல் வெளியிட்டவர். மாமனார் மக்கள் வாயில் வழங்கிய சொல்லைத் திரட்டினார்; மருமகனார் மக்கள் கையில் வழங்கிய கல்லைத் திரட்டினார். ஒரே குடும்பத்தில் இவ்விரு திரட்டும் நிகழ்ந்தமை இனியதொரு பொருத்தமே.

1880-களின் நடுவில், கர்நூல் பக்கத்துப் பில்லசுர்கம் குகைகளைத் தம் மகன் ஹென்றியுடன் தோண்டினார். ஹக்சிலி என்னும் இயற்கை நூலறிஞர் தூண்டியதால் நிகழ்ந்தது அவ்வேலை. 1891-இல் ஆய்வுத்துறையினின்று ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவே. பரோடா அரசர்க்கு நிலநூல் வல்லுநராக இருந்தார்; பின்னர் 1894-இல் மைசூர் அரசாங்கம் நிலநூல் துறையைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். அறுபது வயதிலும் கூடாரம் அவரை விடவில்லை.

இறுதியில் ஏற்காட்டிற் குடியேறினார். தம் இளமையில் அளந்த சேலம் நாட்டை முதுமையில் சேர்வராயன் மலைமீதிருந்து நோக்கினார். அம்மலை சார்னோக்கைட்டு என்னும் கடும்பாறையாலானது. அப்பாறைக்கு முதல் அடையாளமாகக் கொள்ளப்படுவது பரங்கிமலை, பல்லாவரம் பகுதிக் கல்லே. ஆகவே முதற்கருவியை எடுத்த ஊரின் கல்லும் முதுமையில் வாழ்ந்த மலையின் கல்லும் ஓரினமாயின. சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் வழவழப்பான கற்கோடரிகளைப் பிள்ளையாராக வைத்து வழிபடும் வழக்கம் இருந்தது. மரத்தடியிற் குவிந்து கிடந்த அக்கற்களைப் பொதுமக்கள் விண்ணிலிருந்து விழுந்தனவாகவோ தெய்வத்தன்மை உடையனவாகவோ எண்ணிக் காத்து வந்தமையால், அழியாமல் அவை அறிஞர் கைக்குக் கிட்டின. வழிபாட்டிலிருந்த கல்லை ஆராய்ச்சிக்கு எடுத்தது முறையோ என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு விடை தோன்றவில்லை.

நாற்பதாண்டுகளில் திரட்டிய கருவிகளையும் ஓடுகளையும் 1904-இல் சென்னை அரசாங்க அருங்காட்சியகத்திற்குக் கொடுத்தார். அரசாங்கத்தார் அதற்கு விலை தந்தனர். அதன்பின் எஞ்சிய நாளெல்லாம் அத்திரட்டிற்குப் பட்டியல் எழுதுவதிலே கழிந்தது. எது எங்கே கிடைத்தது, எத்தன்மையது, எக்காலத்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். அச்சேறியதைக் காண அவர்க்குக் கொடுத்துவைக்கவில்லை. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ஆம் நாள், தம் எழுபத்தெட்டாம் வயதில், கல்கத்தாவிற் காலஞ்சென்றார். பட்டியல் 1914-இலும் 1916-இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. அவருடல் கல்கத்தாவிலேயே எரிக்கப்பட்டது. சாம்பல் ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்திற்குக் கொண்டுவரப்பட்டு அங்கே வைக்கப்பெற்றது.

இவற்றையெல்லாம் படித்தபின் மே மாத விடுமுறையில் ஏற்காடு சென்று அவ்வாலயத்தைக் கண்டோம். மாலையில் சேலத்தை நோக்கிய பாறை விளிம்பில் அமர்ந்திருந்தோம். கீழே வெள்ளைக்கல் வெட்டிய குழிகள் வெளுத்துத் தெரிந்தன. அவற்றிற்கு அப்பால், மங்கலாக, கஞ்சமலை. அதன் பின்னே எங்கள் ஊர். கிட்டக் கட்டியை நண்பர் ஒருவர் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். அதனை எறிந்துவிட மனமின்றி, கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டினோம்.